வலைப்பந்திலிருந்து வந்த போர்ஷியா

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள வசந்திக்கு,

இங்கு அனைவரும் நலம். கிள்ளானில் நீயும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். யாழினி, உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக ஆடிவந்த வலைப்பந்தை விட்டுவிட்டு, பலதுறைத் தொழிற்கல்லூரியில் ரக்பி அணியில் சேர்ந்திருக்கிறாள் என்றால் நீ சிரிப்பாய். அவளுடைய அப்பா இன்னும் சிரிக்கவில்லை. எங்களை வழிக்குக் கொண்டுவர அவள் எடுத்த பெயர் நியூசிலாந்தின் ரக்பி வீராங்கனை போர்ஷியா வுட்மன். அவரைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கிய நான், இப்போது மகளைவிட அதிகமாக அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன்.

அவரும் நம்மைப் போல வலைப்பந்து ஆடியவர்தான். நம்மைப் போல வகுப்பு அணியில் அல்ல, ஆக்லாந்தின் நார்தர்ன் மிஸ்டிக்ஸ் அணியில். தந்தையும் தந்தையின் உடன்பிறந்தவரும் நியூசிலாந்தின் ஆடவர் ரக்பி அணியான ஆல் பிளாக்ஸுக்கு ஆடியிருந்தும், மகள் பேர் எடுக்கத் தொடங்கியது வேறொரு விளையாட்டில். அணிக்கு ஏழு பேர் ஆடும் எழுவர் ரக்பி 2016 ஒலிம்பிக்கில் இடம்பெறும் என்று முடிவானதும், நியூசிலாந்து ரக்பி சங்கம் 2012இல் பிற விளையாட்டுகளில் இருந்த பெண்களையும் அழைத்துத் தேர்வு நடத்தியது. அந்த அழைப்பு மட்டும் வராதிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. திறமை எல்லா ஊரிலும் இருக்கிறது. இருபது வயதைத் தாண்டியவளைத் தேடிப்போய் அழைப்பவர்கள்தாம் குறைவு.

வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவள் ஓடக்கூடாது, மூன்று விநாடிக்குள் கைமாற்றிவிட வேண்டும், எதிராளியும் மூன்றடி தள்ளித்தான் நிற்க வேண்டும் என்ற விதிகளை ஆசிரியையிடம் திட்டு வாங்கிக் கற்றவர்கள் நாம். ரக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி எறியக்கூடாதே தவிர, ஏந்திக்கொண்டு ஓடத் தடையில்லை. உயரப் பந்தை எம்பிப் பிடிக்கவும், ஒரே அடியில் திசை மாறவும் பழகிய ஒருத்தியை ‘இனி நீ நிற்க வேண்டியதில்லை’ என்று அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்? அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் ரக்பியின் 2017 உலகக் கோப்பையில், ஹாங்காங்குக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் மட்டும் அவர் எட்டு டிரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதிப்பது) எடுத்தார். நியூசிலாந்து 121-0 என வென்றது. ஹாங்காங் அப்போதுதான் உலகக் கோப்பையில் முதன்முறையாகக் கால்பதித்த ஆசிய அணி என்பதால், பதிவைப் பார்த்தபோது என் மனம் தோற்றவர்கள் பக்கமே நின்றது. அத்தொடரில் மொத்தம் 13 டிரை; அவ்வாண்டின் உலகச் சிறந்த வீராங்கனையும் அவரே.

ஆயினும் எனக்குப் பிடித்தது ரியோவும் அதற்குப் பிந்திய ஆண்டுகளும்தான். 2016 ரியோ ஒலிம்பிக்கின் எழுவர் ரக்பி இறுதி ஆட்டத்தில் மஞ்சள் அட்டை பெற்று அவர் இரண்டு நிமிடம் வெளியே உட்கார நேர்ந்தது. சில நிமிடங்களே நடக்கும் ஆட்டத்தில் அது பெரிய இழப்பு. ஆஸ்திரேலியா 24-17 என வென்றது. பின்னர் குதிகால் தசைநார் அறுந்து நீண்ட காலம் ஆடாமல் இருந்தவர், தோக்கியோவிலும் பாரிசிலும் தங்கப் பதக்கம் வென்றார்.

மறைக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. அதை யாழினியின் அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. 2022 நவம்பரில், ஆக்லாந்தின் ஈடன் பார்க் அரங்கில் 42,000க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் இங்கிலாந்துடன் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் தொடக்கத்திலேயே, தலையோடு தலை மோதி அவர் களத்தை விட்டு வெளியேறினார். மோதிய இங்கிலாந்து வீராங்கனைக்குச் சிவப்பு அட்டை. நியூசிலாந்து 34-31 என வென்றது. வெற்றியைவிட, தலையில் அடிபட்டவர் மருத்துவச் சோதனையில் தேறாவிட்டால் மீண்டும் ஆடவிடாத விதிதான் ஒரு தாயாக எனக்கு ஆறுதல் தந்தது. பாரிசுக்குப் பின் அனைத்துலக ஆட்டத்திலிருந்து விடைபெற்றவர், 2025 உலகக் கோப்பைக்காகத் திரும்பிவந்து ஆடினார் என்பதை அறிந்தபோது வியப்பும் கொஞ்சம் கவலையும் ஒருங்கே வந்தன.

2024இலிருந்து காலாங் தேசிய விளையாட்டரங்கில் பெண்களின் எழுவர் ரக்பியும் நடக்கிறது. அடுத்த முறை நீ ஊருக்கு வரும்போது சேர்ந்து போவோம். அதற்குள் ஒன்று மட்டும் எழுது: கிள்ளானில் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பயிற்றுவித்தவள் நீ, யாழினி வார இறுதியிலாவது வலைப்பந்தைத் தொடர்ந்தால் ரக்பிக்கு அது உதவுமா, அல்லது முழங்காலுக்குத்தான் கேடா? நான் சொன்னால் கேட்கமாட்டாள். நீ சொன்னால் கேட்பாள்.

அன்புடன்,
மாலதி