சங்கிலிப் பூதத்துக்குத் தண்ணீர் கேட்டு மனு

அனுப்புநர்:
பெரிய கண்மாய்ப் பாசன விவசாயிகள் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மதுரை.

பொருள்: கண்மாயில் பூதச் சிலையும் படகுச் சவாரியும் அமைக்கும் யோசனையை மாற்றி, முதலில் கண்மாயைச் சீரமைத்துத் தரக் கோருதல்.

ஐயா, வணக்கம்.

எங்கள் கண்மாயின் நடுமடைக் குழியில் ஓர் அண்டா கிடக்கிறது, இறங்குகிறவர் காலைச் சங்கிலி போட்டு இழுக்கும், அதுதான் சங்கிலிப் பூதம் என்று ஊரில் சொல்வார்கள். கதை சொல்லும்போது என் அப்பத்தா இடுப்புச் சாவிக்கொத்தை லேசாகக் குலுக்கும். அத்தோடு நாங்கள் போர்வைக்குள் போய்விடுவோம். கோடையில் மீன்பிடித் திருவிழாவுக்கு ஊத்தாவும் கச்சாவுமாக ஊரே இறங்கினாலும், சூடம் கொளுத்தாமல் அந்தக் குழிப் பக்கம் இன்றைக்கும் யாரும் போவதில்லை. முழங்கால் தண்ணீர் என்று நினைத்து வைக்கிற கால் அங்கே இடுப்பளவு சேற்றில் புதையும். எங்கள் பிள்ளைகளை இத்தனை காலம் காவல் காத்தது அந்தப் பூதம்தான்.

போன வருடம் ஒருவர் வந்து வரைபடம் காட்டினார். வாயைப் பிளந்த சிமென்ட் பூதம், அதன் வாய் வழியாகப் படகு. சுற்றுலா வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதிலிருந்து அங்கே போகும் கார்கள் எங்கள் ஊர் விலக்கைத் தாண்டித்தான் போகின்றன. நாலு பேர் இங்கேயும் இறங்கினால் டீக்கடைக்கும் நல்லதுதான்.

ஸ்காட்லாந்தில் நெஸ் ஏரி இருக்கிறது. 1933இல் அங்கே ஒரு விலங்கைக் கண்டதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. அடுத்த வருடம் வெளியான அந்த விலங்கின் பிரபலமான புகைப்படம், பொம்மை நீர்மூழ்கியில் தலையை ஒட்டி எடுத்தது என்று பிற்பாடு தெரியவந்தது. 2018இல் ஏரித் தண்ணீரை எடுத்து மரபணு சோதித்ததில் விலாங்கு மீனின் தடயம்தான் ஏராளமாகக் கிடைத்தது. அப்புறமும் கூட்டம் குறையவில்லை. காரணம், அங்கே 200 மீட்டருக்கு மேல் ஆழமாகக் கறுத்த தண்ணீர் கிடக்கிறது. பார்க்கிறவனுக்கு உள்ளே என்னவோ இருக்கிறது என்று தோன்றும். எங்கள் கண்மாயில் பாதி வருடம் சீமைக்கருவேலத்துக்குள் ஆடு மேய்கிறது. சரி, பூதம் எங்கே போய் ஒளியும்?

ஆகவே வரத்துக்காலில் அடைத்துக் கிடக்கும் கருவேலத்தை வேரோடு எடுத்து, நடுமடைக் கதவைப் பழுதுபார்த்துத் தர வேண்டுகிறோம். வண்டலை நாங்களே அள்ளிக்கொள்கிறோம், அனுமதி கொடுத்தால் போதும். சிலைக்கு ஒதுக்கும் பணத்தில் கரை ஆலமரத்தடியில் ஒரு திண்ணையும், கதையை எழுதிய பலகையும் வையுங்கள். கதை சொல்ல ஊரில் பாட்டிமார் இருக்கிறார்கள். பலகாரக் கடையை மகளிர் குழு பார்த்துக்கொள்ளும். படகு மட்டும் வேண்டாம். பூதத்தை வேடிக்கைப் பொருளாக்கி மடைக்குழி மேல் படகும் விட்டால், பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போகும். குழி அங்கேயேதான் இருக்கும்.

ஆய்வுக்கு வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால் குழி இருக்கும் இடத்தைக் காட்டுகிறோம். கரையில் நின்றுதான் காட்டுவோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல்