டயாலிசிஸ் நோயாளருக்கு வரும் காய்ச்சலை அவசர நிலையாகக் கவனிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
டயாலிசிஸ் நோயாளரின் குடும்பத்தினர்,
ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாங்குளம் பகுதிகள்.

பெறுநர்:
மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர்,
வட மாகாணம்.

விடயம்: கிருமித்தொற்றும் அதைத் தொடரும் இதய ஆபத்தும்

மதிப்பிற்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு,

எங்கள் வீடுகளில் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் உயிர்வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அநேகர் வயல் செய்தவர்கள். டயாலிசிஸ் பிரிவில் தாதியர் படும் பாட்டை நேரில் பார்க்கிறோம், அவர்கள்மீது எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. எங்களைப் பயமுறுத்துவது காய்ச்சல்.

மாரி தொடங்கினால் வன்னியில் காய்ச்சல்காரரை டெங்கா, எலிக்காய்ச்சலா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அது சரி. ஆனால் கழுத்தில் டயாலிசிஸுக்கான குழாயான கதீற்றர் போட்டவருக்குக் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால், கிருமி அந்தக் குழாய் வழியே நேரே இரத்தத்தில் இறங்கியிருக்கலாம். தோலில் சாதாரணமாக இருக்கும் ஸ்டஃபைலோகொக்கஸ் என்ற கிருமியே இதய வால்வு வரை போய்ப் பிடித்துவிடும். அப்படிப்பட்டவரை இரவில் கிட்டவுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால், பனடோல் தந்து, "அடுத்த டயாலிசிஸுக்குப் போகும்போது சொல்லுங்கள்" என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது.

தொற்று மாறி வீடு திரும்பினாலும் ஆபத்து போய்விடுவதில்லை. சிறுநீரக நோயால் ஏற்கனவே தடித்துச் சுண்ணாம்பு படிந்த இரத்தக்குழாய்களில், தொற்று கிளப்பிய அழற்சியால் இரத்தம் உறைவது இன்னும் இலகுவாகிறது. அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன டயாலிசிஸ் நோயாளரைப் பற்றி 2011இல் வெளியான ஆய்வொன்று, தொற்றுக்காக வைத்தியசாலையில் தங்கியவர்களுக்கு அடுத்த 30 நாட்களில் இதய, இரத்தக்குழாய் நோய் நிகழ்வுகளுக்கான ஆபத்து 25 சதவீதம் கூடுவதாகக் கண்டது. வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டித் தரும்போது அந்த ஒரு மாதத்தைப் பற்றி எங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. நெஞ்சு இறுக்கமும் மூச்சு வாங்குதலும் களைப்பு என்றே நினைத்துவிடுகிறோம்.

ஆகவே, டயாலிசிஸ் நோயாளர் காய்ச்சலுடன் வந்தால் அன்டிபயோட்டிக் தொடங்குமுன், எந்தக் கிருமி என்று கண்டறியும் கல்ச்சர் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்து, தாமதிக்காமல் டயாலிசிஸ் பிரிவு வைத்தியருடன் பேச வேண்டும் என்ற அறிவுறுத்தலை வன்னியிலுள்ள எல்லாப் பிரதேச வைத்தியசாலைகளுக்கும் அனுப்புங்கள். துண்டு வெட்டும்போதே அந்த மாதத்துக்குள் ஈ.சி.ஜி. பார்க்க ஒரு திகதியும் தரச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பிஸ்ரியூலா. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் நாடியையும் நாளத்தையும் இணைக்கும் இந்தச் சத்திரசிகிச்சை கதீற்றரைவிடத் தொற்று ஆபத்து மிகக் குறைந்தது. ஆனால் அது பயன்பாட்டுக்கு வரப் பல வாரங்கள் எடுக்கும். சிறுநீரகம் முழுதாகக் கைவிட்ட பிறகு திகதி கொடுத்தால், அந்த வாரங்கள் முழுவதும் கழுத்துக் குழாயோடுதான் கழியும். எனவே கிளினிக்கில் பார்க்கும் காலத்திலேயே, டயாலிசிஸ் தேவைப்படும் நிலை நெருங்குபவர்களைச் சத்திரசிகிச்சைக்கு அனுப்ப ஒழுங்கு செய்ய வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் அப்போதே தொடங்கலாம்.

இந்த மாரிக்கு முன் அறிவுறுத்தலையாவது அனுப்பிவையுங்கள். எங்களில் சிலரை நேரில் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கினால், நோயாளரின் கிளினிக் கொப்பிகளுடன் வருகிறோம்.

இப்படிக்கு,
நோயாளரின் குடும்பத்தினர்