சட்டியை அனுப்புகிறேன், அக்கா

அக்கா,

அம்மா போய் நாளையோடு ஒரு வருஷம். சட்டியை உனக்கே அனுப்பிவிடுகிறேன். அது யாருக்குச் சேரவேண்டும் என்ற பேச்சு இனி வேண்டாம். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் இங்கே. நம்மவர்களும் படிப்பார்கள் என்று தெரியும். அன்று ராத்திரி வாசலில் நடந்ததை நான் தொடப்போவதில்லை. கறியைப் பற்றி மட்டும்.

அனுப்புமுன் நேற்று கடைசியாக ஒருமுறை அதில் கால்கறி வைத்தேன். எலும்போடு, வெள்ளைச் சவ்வு குறுக்கும் நெடுக்கும் ஓடும் அதே துண்டு. முந்தின நாளே உப்புத் தடவி வைத்திருந்தேன். தண்ணீர் கொதிக்கக்கூடாது, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்தால் போதும் என்பாயே, அப்படியே. இரண்டு மணி நேரம் கழித்து முள்கரண்டியால் குத்தினேன். இழுத்தால் கரண்டியோடு துண்டே எழுந்து வந்தது. வயிற்றைப் பிசைந்தது. அன்றும் இதே இரண்டாவது மணி நேரம்தான்.

நீ குளிக்கப் போயிருந்தாய். அம்மா பசிக்கிறது என்றாள். ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன், செருப்புத் தோல். தீயை முழுசாகத் திருப்பிவிட்டேன். அரைமணி நேரம் தளதளவென்று கொதித்தது. எடுத்து, நார் ஓடுகிற வாக்கிலேயே நீளநீளமாக அறுத்து அம்மா தட்டில் வைத்தேன். அவளுக்குக் கடைவாய்ப் பல் ஒரு பக்கம்தானே. வெகுநேரம் மென்றாள். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மென்ற உருண்டையை எடுத்துத் தட்டோரத்தில் வைத்து, டம்ளரைத் தள்ளி மறைத்தாள். நீ தலையில் துண்டோடு கதவருகே நின்றுகொண்டிருந்தாய். "பார், உன் சமையலை" என்றேன். உன் சமையலை.

தப்பு என்னுடையதுதான். ஆனால் எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சூடு 60 டிகிரியைத் தாண்டினால் நார் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்துவிடும். சவ்வில் இருக்கிற கொலாஜன் என்ற புரதமோ 70க்கு மேல், அதுவும் மணிக்கணக்கில்தான் ஜெலட்டினாக, வழுவழுப்பான கூழாக இளகும். அந்த நடுவேளையில் கறி விறைத்துக்கொண்டு நிற்கும். கெட்டுப்போய்விட்டது என்றே தோன்றும். இதெல்லாம் பிறகு நானாகப் படித்தது. நீ "கை வைக்காதே" என்பாய். ஏன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அது என்ன, சொன்னால் குறைந்தா போய்விடும்?

நேற்று கை வைக்கவில்லை. மூன்றரை மணி நேரத்தில் கரண்டி தன் கனத்திலேயே இறங்கியது. எலும்பு கழன்று வந்தது. சாற்றிலேயே ஆறவிட்டு, சட்டியோடு ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் சாய்த்துப் பார்த்தால் சாறு ஓடவில்லை, கட்டியாகி மெல்ல ஆடியது. மேலே கொழுப்பு வெள்ளைத் தகடு. குளிர்ந்த துண்டை நாருக்குக் குறுக்கே அறுத்தேன், உதிரவில்லை. சூடாக்கி வாயில் போட்டேன். பல்லே வேண்டியிருக்கவில்லை, அக்கா. இன்னும் ஒன்றரை மணி நேரம் நான் சும்மா இருந்திருந்தால் அம்மா இதைத்தான் சாப்பிட்டிருப்பாள்.

கறிக்காக நாலு மணி நேரம் அடுப்படியில் நிற்கத் தெரிந்தவள் நீ. கடைசி மாசம் அவள் கட்டிலருகே எத்தனை நாள் நின்றாய்? குக்கர் கறி என்று மூக்கைச் சுளிப்பாயே, அதைத்தான் மிக்ஸியில் அடித்துக் கொடுத்தேன். உள்ளே 120 டிகிரி வரை ஏறும், ஒரு மணி நேரத்துக்குள் வெந்துவிடும். ராத்திரி தூங்காதவனுக்கு அதுதான் முடிந்தது. அம்மா ஒரு குறையும் சொல்லவில்லை.

இதை எழுதியிருக்கக் கூடாது. அழிக்கவும் மனசில்லை. உனக்கும் காரணம் இருந்திருக்கும், இங்கே வைத்துக் கேட்கமாட்டேன்.

சட்டியின் அடியில் கறுப்பு கொஞ்சம் பிடித்திருக்கிறது. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. மூடியின் குமிழ் ஆடுகிறது. அது நீ இருந்தபோதே ஆடியது.

தம்பி