கிசில்யெவோ கிராமத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த திகில் சினிமாக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 'ரத்தம் குடித்த ருமேனிய மன்னன் விளாத்தின் வாழ்க்கையே வாம்பயர் கதைகளுக்கெல்லாம் மூலம்' என்று போகிற போக்கில் ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

விளாத் 15-ஆம் நூற்றாண்டில் இன்றைய ருமேனியாவில் உள்ள வலாக்கியாவை ஆண்டவன், ஆட்களைக் கழுவில் ஏற்றிய கொடியவன், சரி. ஆனால் வாம்பயர் என்றால் செத்த பிறகு எழுந்து வந்து ரத்தம் குடிக்கிற பிணம்; அவன் அப்படி வந்தான் என்று அவன் காலத்தில் யாரும் எழுதவில்லை. 'டிராகுலா' என்ற வாம்பயர் நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர் 1890-ல் இங்கிலாந்தின் விட்பி ஊர் நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் டிராகுலா என்ற பெயரைப் பார்த்து எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். அதற்கு முன்பு அவருடைய குறிப்புகளில் கதையில் வரும் வாம்பயர் பிரபுவுக்கு 'வாம்பிர்' என்றுதான் பெயர். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல.

அந்த 'வாம்பிர்' என்ற சொல்லை ஐரோப்பாவுக்குக் கொடுத்தவர்கள் செர்பிய விவசாயிகள். 1725-ல் கிசில்யெவோ என்ற கிராமத்தில் பெட்டார் பிளாகோயெவிச் என்பவர் இறந்துபோக, அதற்குப் பிறகு எட்டே நாளில் ஒன்பது பேர் சாகிறார்கள். 'ராத்திரி பெட்டார் வந்து மேலே படுத்துக் கழுத்தை நெரித்தான்' என்று சாகும்போது சொன்னார்களாம். செத்த பெட்டார் தன் செருப்பைக் கேட்டு வீட்டுக்கு வந்ததாக மனைவி சொல்லிவிட்டு ஊரையே காலி செய்து போய்விட்டார். அப்போது அந்தப் பகுதி ஆஸ்திரியர்கள் கையில் இருந்தது. ஃப்ரோம்பால்ட் என்ற அரசு அலுவலர், குழியைத் தோண்ட மேலிடத்து அனுமதி வரட்டும் என்கிறார். ஜனங்கள் கேட்கவில்லை, அதற்குள் ஊரே அழிந்துவிடும் என்கிறார்கள். பாதிரியாரைக் கூட்டிக்கொண்டு குழிக்குப் போன அவர், வாயில் புது ரத்தம், பழைய தோல் உரிந்து அடியில் புதுத்தோல், முடியும் நகமும் வளர்ந்திருந்தன என்று எழுதி அனுப்பினார். அந்த அறிக்கை அதே வருடம் வியன்னா செய்தித்தாளில் அச்சாகிப் பரவியது. ஒரு பத்திரிகையில் தொடங்கிய கதையை இன்னொரு பத்திரிகை மறந்துபோனதே என்பதுதான் என் வருத்தம்.

ஃப்ரோம்பால்ட் பொய் சொல்லவில்லை என்று என்னால் சொல்ல முடியும். நான் வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு சந்தேக மரண வழக்கில், புதைத்து ஒன்பதாவது நாள் என் முன்னிலையில் உடலைத் தோண்டி எடுத்தார்கள். ஒல்லியான பையன் என்றார்கள், வயிறும் முகமும் உப்பி வேறு ஆள் போல இருந்தான். மூக்கிலும் வாயிலும் கருஞ்சிவப்பாக ஒழுகியிருந்தது. கையில் தோல் கழன்று அடியில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. டாக்டர் நெஞ்சில் கை வைத்து அழுத்தினார், வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது. "உசுரு இருக்குய்யா!" என்று அவன் அண்ணன் கத்திக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டான். உள்ளே சேர்ந்த வாயு வெளியே வருகிற சத்தம் அது என்று டாக்டர் எங்களுக்கு விளக்கினார். கிசில்யெவோ ஜனங்களுக்கு விளக்க யார் இருந்தார்கள்? வந்த நோய் என்னவென்றே தெரியாமல், நெஞ்சில் கழியை இறக்கி உடலை எரித்தார்கள். அந்தப் பயத்தைக் கட்டுரையில் ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம்.

இது முதல் தடவையும் அல்ல. போன வருடம், எழுந்து நடமாடும் பிணமான ஜோம்பி அமெரிக்க சினிமாவின் கற்பனை என்று எழுதினீர்கள். அது கரீபியன் நாடான ஹைட்டியின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாகக் கிடந்த ஆப்பிரிக்கர்களின் பயம். செத்தாலாவது விடுதலை என்று இருந்தவர்களுக்கு, செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்குவார்கள் என்பதைவிடப் பெரிய பயம் என்ன இருக்க முடியும்? 1915-ல் அமெரிக்கப் படை அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கதை ஹாலிவுட்டுக்கே வந்தது. இதை மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். நான்கு வரி போட்டீர்கள், அதிலும் ஹைட்டியைக் காணோம்.

அப்புறம், வாம்பயருக்கு 'காட்டேரி' என்று படத்துக்குக் கீழே போடுகிறீர்கள். எங்கள் பங்காளி வீடுகளில் காட்டேரிக்கு வருடா வருடம் படையல் உண்டு. அவள் எங்களைக் காக்கிறவள். கோட்டுப் போட்ட பிரபுவுக்குக் கீழே அவள் பெயரைப் பார்த்து என் அக்கா பத்திரிகையை மூடி வைத்துவிட்டார்.

நாற்பது வருடமாக உங்கள் வாசகன், அந்த உரிமையில்தான் இவ்வளவும் எழுதினேன். அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். கிசில்யெவோ என்ற ஊர்ப் பெயரும் 1725 என்ற வருடமும் அதில் இருந்தால் போதும். இடம் இல்லையென்றால் என் கடிதத்தின் மற்ற பகுதிகளை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஒருவர்