ஈரில்லம் வேறு, இருபால் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த தாவர இனப்பெருக்கக் கட்டுரையில், ஈரில்லத் தாவரம் என்றால் ஆண், பெண் இரு பாலும் ஒரே செடியில் அமைந்தது என்று அச்சாகியிருந்தது. பொருள் தலைகீழாகிவிட்டது. ஆண் பூ பூக்கும் செடி ஒன்று, பெண் பூ பூக்கும் செடி வேறொன்று எனப் பிரிந்திருப்பதே ஈரில்லம்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்பது சொல்லிலேயே தெரிகிறது. 'ஈர்' என்றதும் இரண்டு பால் என்று மனம் தாவிவிடுகிறது. 'இல்லம்' கவனத்தில் நிற்பதில்லை. ஈரில்லத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான டையோசியஸ் என்பதன் கிரேக்க வேர்களும் 'இரண்டு', 'வீடு' என்பவையே. 1735-இல் தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்த சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ், கணவனும் மனைவியும் தனித்தனி வீட்டில் குடியிருப்பதாக உருவகித்து 22-ஆம் வகுப்புக்கு இந்தப் பெயரை வைத்தார். ஒரே வீட்டில், ஆனால் தனித்தனி அறையில் இருப்பவை 21-ஆம் வகுப்பு: அதுதான் ஓரில்லம். வீடு என்பது இங்கே ஒரு செடி. நாம் எண்ண வேண்டியது வீட்டை, பாலை அல்ல.

கட்டுரையில் 'ஈரில்ல மலர்' என்றும் ஓரிடத்தில் வருகிறது. அப்படி ஒரு மலர் கிடையாது. பூவைச் சொல்லும்போது ஒருபால் (ஒரு பூவில் ஆண் அல்லது பெண் உறுப்பு மட்டும்), இருபால் (ஒரே பூவில் இரண்டும்). தாவர இனத்தைச் சொல்லும்போது ஓரில்லம், ஈரில்லம். செம்பருத்தியின் பூ இருபால். பூசணியின் பூ ஒருபால், ஆனால் இரண்டு வகைப் பூவும் ஒரே கொடியில் வருவதால் அது ஓரில்லம். பனையின் பூவும் ஒருபால்தான். ஆண் பனை, பெண் பனை என மரமே பிரிந்துவிடுவதால் ஈரில்லம். பூக்கும் தாவரங்களில் 100 இனங்களுக்கு 5 அல்லது 6 மட்டுமே இப்படிப்பட்டவை.

இது தேர்வுத்தாளோடு முடியும் சொல்லாராய்ச்சி அல்ல. பூசணியில் முதலில் வரும் பூக்கள் உதிர்ந்தால் கவலை வேண்டாம்; அவை பெரும்பாலும் ஆண் பூக்கள், பின்னால் அதே கொடியில் பெண் பூ வரும். ஆண் பப்பாளியில் பூ உதிர்ந்தால் எவ்வளவு உரம் போட்டாலும் பயனில்லை. (வெப்பநிலை மாறும்போது சில ஆண் மரங்களில் நீண்ட காம்பில் ஒன்றிரண்டு காய் தொங்குவதுண்டு, அதை நம்பி மரத்தை வைத்திருக்க முடியாது.)

பப்பாளியையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது. சில ரகங்கள் ஆண், பெண் எனப் பிரிந்த ஈரில்லம். வேறு சில ரகங்களில் பெண் மரமும் இருபால் மரமும் வரும். ஈரில்ல ரகத்தின் விதையில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழ சரிபாதி. குழிக்கு ஒரு கன்று நட்டால் பாதிக் குழிகள் வீண். 3 கன்று நட்டால் மூன்றும் ஆணாகிவிடும் வாய்ப்பு 8-இல் 1, 4 கன்று நட்டால் 16-இல் 1. பூ வரும் வரை பொறுத்திருந்துதான் கழிக்க வேண்டும். நீண்டு தொங்கும் கிளைத்த காம்பில் மெல்லிய குழல் போன்ற சிறு பூக்கள் கொத்தாக வந்தால் ஆண். தண்டை ஒட்டி, குட்டைக் காம்பில், அடியில் உருண்ட சூலகத்தோடு (காயாக வளரும் பகுதி) பெரிய பூ வந்தால் பெண். வேண்டாத கன்றைப் பிடுங்காமல் தரைமட்டத்தில் அறுத்துவிடுவது நல்லது. பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேரும் அறும். 10 முதல் 20 பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும், ஆனால் தோட்டம் முழுக்கப் பரவி நிற்க வேண்டும். விதையின் நிறத்தையோ வேரின் வடிவத்தையோ பார்த்துப் பால் சொல்லும் உத்திகளுக்கு அடிப்படை இல்லை. மரபணுச் சோதனையில் மட்டும் கன்றிலேயே தெரியும்.

சாதிக்காயில் இந்தக் காத்திருப்பு இன்னும் கொடுமை. விதையில் வளர்ந்த மரம் பூத்துப் பால் காட்ட 6 முதல் 8 ஆண்டுகள் ஆகும். அதனால்தான் பெண் மரத்திலிருந்து ஒட்டுக்கன்று எடுக்கிறார்கள். ஒட்டு தாய்மரத்தின் பாலையே கொண்டிருக்கும். நேராக நிமிர்ந்து வளரும் தண்டிலிருந்து ஒட்டுக்குச்சி எடுக்க வேண்டும். பக்கக் கிளையிலிருந்து எடுத்தால் மரம் உயராமல் புதர்போலப் படரும். பாகல் இனத்துக் கொடியான பழுபாகலைக் கிழங்கிலிருந்து பெருக்குவதும் பால் மாறாமல் இருக்கத்தான். அதன் அறிவியல் பெயரின் பின்பாதியே 'டையோய்கா'. பெயரிலேயே பாலை எழுதி வைத்திருக்கிறார்கள்!

திருத்தம் வெளியிடும்போது எடுத்துக்காட்டுப் பட்டியலையும் பார்க்கக் கேட்டுக்கொள்கிறோம். பனைக்குப் பக்கத்தில் தென்னையையும் ஈரில்லமாகச் சேர்த்திருக்கிறார்கள். தென்னை ஓரில்லம்: ஒரே பாளையில், அதன் கிளையான ஒவ்வொரு கதிரின் அடிப்பக்கம் உருண்டையாக இருப்பவை பெண் பூக்கள், அதற்கு மேல் நுனி வரை நெருக்கமாக இருப்பவை ஆண் பூக்கள்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர்கள் சிலர்