எண்ணூறு சொல்லுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் பகுதியிலிருந்து மூன்று பத்ம விருதுப் பரிந்துரைகள் இணையதளத்தில் ஏறிவிட்டன. ஒருவர் தெருக்கூத்து வாத்தியார். ஒருவர் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர். மூன்றாமவர், தூர்ந்து கிடந்த ஏரியை ஊரைக் கூட்டி மீட்ட முன்னாள் ஊராட்சித் தலைவர். விருது வருமா என்பது தில்லிக்குத்தான் வெளிச்சம். ஆண்டுக்கு 120 பேருக்கு மேல் கொடுப்பதில்லை. மறைந்தவர்களும் வெளிநாட்டில் வாழ்பவர்களும் மட்டும் அந்தக் கணக்குக்கு வெளியே. அதனால்தான் 2024-இல் 132, 2025-இல் 139 என்று வந்தது. நாடு முழுவதற்கும் அவ்வளவே. முடிவு தெரிந்தபின் நன்றி சொல்லலாம் என்று காத்திருந்தால் இந்த மடல் எழுதப்படாமலே போகக்கூடும். உங்கள் வேலை முடிந்துவிட்டது, ஆகவே நன்றியும் இப்போதே.

பெயர் போட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொண்டீர்கள். செய்த வேலையைச் சொல்லியே கூப்பிடுகிறோம்.

முதலில் கேசட் கடை அண்ணனுக்கு. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலை ஆறு மணிக்கு முடிகிற கூத்து எட்டு மணி நேரம். வாத்தியார் வீட்டுப் பரணில் இரண்டு முழு இரவுகள் இருந்தன, பெரும்பாலும் 90 நிமிட கேசட்டுகளில். 60 நிமிட கேசட்டின் நாடாவைவிட 90 நிமிட நாடா மெல்லியது. எளிதில் இழுபடும், உருளையில் சுற்றிக்கொள்ளும். பல ஆண்டுகள் அசையாமல் கிடந்ததை எடுத்தவுடன் ஓட்டினால் அறுந்துவிடும். ஒருமுறை கடைசிவரை சுற்றி, திரும்பவும் பின்னால் சுற்றி, இறுக்கம் தளர்ந்த பிறகே ஒலியை எடுக்க வேண்டும். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடவே கூடாது. அங்கிருந்து அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். அண்ணன் இவ்வளவும் பார்த்தார். மேல் விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் பல்லை முதலில் உடைத்துவிட்டார். கை தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் பழைய குரல் அழியாது. ஒவ்வொரு கேசட்டுக்குப் பிறகும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடைத்தார். ஒரு மணி நேர ஒலியை எடுக்க ஒரு மணி நேரம் ஆகும், இதில் குறுக்கு வழி கிடையாது. பதினாறு மணி நேரத்துக்கு அவர் ஒரு ரூபாய் வாங்கவில்லை. தேநீர்க் காசைக்கூட அவரே கொடுத்தார், அதில் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பழைய கூத்து நோட்டீஸ்களைத் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்த பஞ்சாங்கப் பெரியவருக்கு அடுத்த நன்றி. அந்த நோட்டீஸ்களில் ஆங்கில ஆண்டு அருகித்தான் இருக்கும். 'ஸ்ரீமுக வருடம் பங்குனி மாதம்' என்று இருக்கும். ஸ்ரீமுக என்றால் 1993 என்று எங்கள் பட்டியலில் எழுதி வைத்திருந்தோம். தமிழ் வருடம் சித்திரையில் பிறக்கிறது, ஆகவே ஸ்ரீமுக வருடத்துப் பங்குனி 1994-இல்தான் வரும் என்று திருத்தினார். மார்கழி பாதியிலிருந்து பங்குனி முடிய உள்ள ஒவ்வொரு நோட்டீஸிலும் இந்தத் தவறு செய்திருந்தோம். பாரதக் கூத்து பெரும்பாலும் பங்குனி தொடங்கி ஆடி வரையில் நடப்பது. முதல் மாதமே ஓராண்டு பிசகினால் அடுக்கு முழுவதும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால், மிகப் பழைய தாள்களுக்கு அச்சகத்தின் பெயரையும் கிழமையையும் வைத்து எந்தச் சுற்று என்று முடிவு செய்தார்.

செய்தித்தாள் நறுக்குகளைக் கொண்டுவந்த குடும்பத்தாருக்கும் நன்றி. ஒரு வேண்டுகோளும் உண்டு. நறுக்கை லேமினேட் செய்யாதீர்கள். செல்லோ டேப்பும் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு பிரிக்க முடிவதில்லை. வெட்டும்போதே பத்திரிகையின் பெயர், பதிப்பு, தேதி மூன்றையும் ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். எங்களிடம் வந்த நறுக்குகளில் பாதிக்குமேல் தேதி இல்லை. அவற்றின் பின்பக்கத்தில் இருந்த விளம்பரம், பாதிச் செய்தி ஆகியவற்றிலிருந்து நாளைக் கண்டுபிடித்துக் கொடுத்த நூலகத் தம்பிகள் இருவருக்கும் இந்த இடத்தில் கைகுலுக்கல். தேதியின் அருமை தெரிய வேண்டுமானால், பாரதியின் எழுத்துகளைக் காலவரிசையில் தொகுத்துக் கொடுத்து 2025-இல் பத்மஸ்ரீ பெற்ற சீனி விசுவநாதன் அவர்களின் உழைப்பைப் பார்த்தால் போதும்.

ஊராட்சித் தலைவரின் பணிக்குச் சான்று தேடுவது வேறு மாதிரி வேலை. ஊரே சாட்சி என்று சொல்லிவிடலாம், ஆனால் ஊரை இணையதளத்தில் ஏற்ற முடியாது. கிராமசபைத் தீர்மானப் புத்தகம் வேண்டும், வரத்துக் கால்வாயின் புல வரைபடம் வேண்டும், ஏரியின் உபரி நீர் வழியும் கலங்கலைப் பழுது பார்த்த அளவுப் புத்தகம் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிக் கொடுத்த ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஐயாவுக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். மனுவுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, நகலுக்குப் பக்கம் 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள். 'ஏரிப் பணி தொடர்பான அனைத்து விவரங்கள்' என்று நாங்கள் எழுதியிருந்ததை அவர் அடித்துவிட்டார். அப்படிக் கேட்டால் 'விவரம் தெளிவாக இல்லை' என்றே பதில் வரும் என்றார். எந்த ஊராட்சி, எந்த ஆண்டின் ஆகஸ்ட் 15 கிராமசபை, எந்தத் தீர்மானம், சான்றிட்ட நகல் என்று ஒரு வரிக்கு ஓர் ஆவணமாகப் பிரித்தார். 2025 மார்ச் 15-இல் பரிந்துரைக்கான வாசல் திறந்தது. ஜூலை 31 கடைசி நாள் என்று அறிவித்திருந்தார்கள். பதிலுக்கு ஒரு மாதம், மேல்முறையீடு தேவைப்பட்டால் அதற்கு இன்னொரு மாதம் என்று எண்ணினால், மார்ச்சிலேயே மனு போகாவிட்டால் வேலைக்கு ஆகாது. அடுத்த ஆண்டு யாராவது முயல்வதாக இருந்தால் தைப் பொங்கல் முடிந்த கையோடு மனுவைப் போட்டுவிடுங்கள்.

ஆயக்கட்டுக் கணக்கை, அதாவது ஏரி நீர் பாயும் நிலத்தின் கணக்கைச் சொன்ன விவசாயிகளுக்கும் நன்றி. ஏரி நிரம்பியது என்று எழுதுவது எளிது. எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் போனது, எத்தனை மதகு திறக்கிறது, கடைமடைக்கு எந்த ஆண்டிலிருந்து எட்டுகிறது என்று வயல்வாரியாக நீங்கள் சொன்னபிறகுதான் அந்தப் பத்திக்கு எலும்பு வந்தது.

செவிலியர் அம்மாவின் பரிந்துரைதான் எங்களை அதிகம் சோதித்தது. மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் தவிர, அரசுப் பணியிலோ பொதுத்துறைப் பணியிலோ இருப்பவர்களுக்குப் பத்ம விருது கிடையாது. அவர் ஓய்வு பெற்றுவிட்டதால் அந்தத் தடை இல்லை. ஆனால் விதியில் இன்னொரு வரி இருக்கிறது: நீண்ட காலப் பணி மட்டும் போதாது, சிறப்பான பணியாக இருக்க வேண்டும், அதில் பொதுச்சேவையும் கலந்திருக்க வேண்டும். திறமைக்கு மேலே ஒன்று கேட்கிறார்கள். முப்பது ஆண்டு பணி என்பதையே நாங்கள் முதல் வரியாக வைத்திருந்தோம். அதைச் சம்பளத்துக்குச் செய்த வேலை என்று யாரும் தள்ளிவிட முடியும். சம்பளத்தில் அடங்காததைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தது அவருடன் வேலை பார்த்த சகோதரிகள். பணிநேரத்துக்குப் பிறகு நடந்தவை, தன் எல்லைக்கு வெளியே உள்ள குடியிருப்புகளுக்குப் போய்வந்தவை, பேருந்து இல்லாத ஊர்களிலிருந்து கர்ப்பிணிகளைக் கூட்டிவர அவர் ஏற்படுத்திய ஏற்பாடு என்று மூன்று பட்டியல். எண்ணிக்கை மட்டும் கொடுத்தீர்கள், ஒரு தாயின் பெயர்கூட வெளியே வராமல் பார்த்துக்கொண்டீர்கள். அதற்குத் தனி நன்றி.

திறமைக்கு மேலே ஒன்று என்றால் என்ன என்று கூட்டத்தில் வெகுநேரம் விவாதம் ஓடியது. 2023-இல் பத்மஸ்ரீ பெற்ற வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் ஒருவர் நினைவுபடுத்தியதும் அது அடங்கியது. பாம்பு பிடிப்பது இருளர்களின் தலைமுறைத் திறமை. அந்தத் திறமை பாம்புக்கடி மருந்துக்கு நஞ்சு தருகிற வேலையாக மாறியதும், அமெரிக்காவின் புளோரிடாவில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப்பிடிக்க இவர்களை அழைத்ததும்தான் அந்த மேலே உள்ள ஒன்று. கூத்து வாத்தியாருக்கும் இதே அளவுகோலை வைத்தோம். வேடம் கட்டிய இரவுகளைவிட, காசு வாங்காமல் அடவும் பாட்டும் சொல்லிக் கொடுத்த மாணவர்களின் பட்டியல் மேலே ஏறியது.

இனி, ஆங்கில ஆசிரியை அம்மாவுக்கு. சாதனைக் குறிப்பு 800 சொல்லைத் தாண்டக் கூடாது. தமிழில் 550 சொல்லுக்குள் எழுதியிருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தோம். நம் மொழியில் 'கற்றுக்கொடுத்திருக்கிறார்' என்பது ஒரு சொல். ஆங்கிலத்தில் அதுவே மூன்று சொல். மொழிபெயர்த்து எண்ணியபோது 900-ஐ நெருங்கிவிட்டது. 'தன்னலமற்ற', 'ஈடிணையற்ற', 'வாழும் வரலாறு' எல்லாம் முதலில் போயின. ஒரு சொல்லை எடுத்தபின்னும் செய்தி குறையவில்லை என்றால் அது முதலிலேயே தேவைப்படவில்லை என்பது அவர் கணக்கு. கூட்டத்தில் சிலருக்கு முகம் சுருங்கியது, உண்மைதான். பரிந்துரை என்றால் பொன்னாடை போர்த்தும் மேடைப்பேச்சு என்று நினைத்துவிட்டோம்.

சொல்தேர்விலும் அவர் கை இருந்தது. தெருக்கூத்தைத் தெரு நாடகம் என்ற பொருளில் பெயர்த்திருந்தோம். அப்படிப் பெயர்த்தால் படிப்பவர் மனத்தில் கல்லூரி மாணவர்கள் முச்சந்தியில் நடத்தும் விழிப்புணர்வு நாடகம்தான் வரும். தெருக்கூத்து என்ற சொல்லையே ஆங்கில எழுத்தில் வைத்து, இரவு முழுவதும் ஆடப்படுவது, மகாபாரதக் கதைகள், கல்யாண முருங்கை மரத்தில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும், முகவீணை என்று ஒரே வாக்கியத்தில் விளக்கினார். புரிசை கண்ணப்ப சம்பந்தன் அவர்களுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்திருப்பதால் தெருக்கூத்து என்ற பெயர் தில்லிக்குப் புதிதல்ல, தயங்காமல் எழுதலாம் என்றார்.

இ-சேவை மையத்துத் தங்கைக்குச் சொல்ல வேண்டிய நன்றி சின்னதாகத் தெரியும், ஆனால் இங்கே பிசகினால் மற்றதெல்லாம் வீண். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்டால் ஒருவர் அப்பா பெயரை முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால் போடுவார். ஆதாரில் ஒரு மாதிரி, நலவாரிய அட்டையில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது மாதிரி. மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா இடத்திலும் நிறுத்தினார். வாத்தியாரின் ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டுமே இருந்தது. பள்ளிச் சான்றிதழில் வேறு ஆண்டு. ஊகத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடாமல், ஆவணத்தைத் திருத்திய பிறகே ஏற்றினார்.

கைபேசி எண்ணைப் பற்றியும் அவர்தான் எச்சரித்தார். பட்டியல் வெளியாவதற்கு முன்னால் உள்துறை அமைச்சகத்திலிருந்து உரியவரைத் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். குடியரசு நாளையொட்டிய நாட்களில் 011 என்று தொடங்கும் எண்ணிலிருந்து இந்தியில் ஒரு குரல் வந்தால், நம் ஊரில் கடன் அட்டை விற்கிறவர் என்று நினைத்துத் துண்டித்துவிடுவார்கள். பேரனின் எண்ணைக் கொடுத்திருந்தால் அவன் அதற்குள் சிம் மாற்றியிருப்பான். மூன்று வீட்டிலும் எண்ணை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த பிள்ளைகளுக்கும் நன்றி.

அச்சக உரிமையாளர் ஒருவரை விட்டுவிட்டால் பாவம். ஆர்வ மிகுதியில் எங்களில் சிலர் பாராட்டுப் பதாகைக்கு மாதிரி வரையச் சொன்னபோது, பெயருக்கு முன்னால் 'பத்மஸ்ரீ' போட மாட்டேன் என்றார். வரவே வராத விருதுக்கு என்ன பதாகை என்று கேட்டது நியாயம். வந்தாலும் போடக் கூடாது என்றது அதைவிட நியாயம். பத்ம விருது பட்டம் அல்ல. பெயருக்கு முன்னும் பின்னும் சேர்க்கக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அழைப்பிதழ், சுவரொட்டி, நூலட்டை எதிலும் கூடாது. மீறினால் விருதையே இழக்க நேரும். இதைச் சொல்லும் அச்சகம் இன்னும் நாலு ஊருக்கு வேண்டும்.

கடைசியாக, கொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியவை. மூலப் பிரதிகள் எல்லாம் பெயர் எழுதிய பழுப்பு உறைகளில் நூலகத் தம்பிகளிடம் இருக்கின்றன. கேசட்டுகள் தனிப் பெட்டியில், தட்டையாக அடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறோம். வீட்டுக்குக் கொண்டுபோனதும் அப்படியே வையுங்கள், ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள். மாற்றிய ஒலிக்கோப்புகளை வாத்தியார் குடும்பத்துக்கு ஒரு பிரதியும் நூலகத்துக்கு ஒரு பிரதியும் கொடுத்தாகிவிட்டது. பெயர் எழுதாத உறை ஒன்று மிஞ்சியிருக்கிறது: உள்ளே படுகளத்துத் துரியோதனன் வேடத்தில் ஒருவர் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம், பின்புறத்தில் ஸ்டூடியோ முத்திரை பாதி. யாருடையது என்று தெரிந்தவர்கள் நூலகத்தில் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
பரிந்துரைக் குழுவினர்