ஃப்ளைட்ல போகும்னு சொல்லி வித்த மடக்கு ஸ்கூட்டர் பத்தி புகார்

கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம் சார். கிருஷ்ணகிரியில இருந்து எழுதுறேன். உங்க ஓசூர் ஷோரூம்ல என் பொண்ணுக்கு மடக்குற எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினோம், அவ குவாஹாட்டில படிக்கிறா, ஹாஸ்டலுக்கும் கிளாசுக்கும் ரொம்ப தூரம். ஃப்ளைட்ல கொண்டு போக முடியுமான்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டேன். தாராளமா போலாம்ங்க, மடிச்சு செக்-இன்ல போட்டுடுங்கன்னு உங்க சேல்ஸ் தம்பி சொன்னாரு. உங்க நோட்டீஸ்லயும் டிராவல் ஃப்ரெண்ட்லின்னு போட்டு பக்கத்துல விமானம் படமே இருக்கு. அதுக்காகத்தான் மத்த கம்பெனி வண்டிய விட்டுட்டு உங்களோடத எடுத்தோம்.

பெங்களூரு ஏர்போர்ட்ல கவுன்டர்லயே நிறுத்திட்டாங்க. பேட்டரி எத்தன வாட் அவர், அதாவது மொத்தம் எவ்ளோ மின்சாரம் தாங்கும்னு கேட்டாங்க, உங்க ஸ்டிக்கர்ல 36 வோல்ட், 10,000 எம்ஏஹெச்னு மட்டும்தான் இருக்கு. கவுன்டர்ல இருந்த மேடமே கணக்கு போட்டாங்க, 10,000 எம்ஏஹெச்னா 10 ஆம்பியர் அவர், அத 36ஆல பெருக்கினா 360 வாட் அவர். 100 வரைக்கும் பரவால்ல, 100க்கு மேல 160 வரைக்கும் ஏர்லைன்கிட்ட முன்னாடியே பர்மிஷன் வாங்கணும், 160 தாண்டிட்டா பயணி லக்கேஜ்ல கேபின்லயும் கூடாது செக்-இன்லயும் கூடாதுன்னு பொறுமையா சொன்னாங்க. உங்க பேட்டரி அந்த அளவுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல!

அங்க நின்னுக்கிட்டே உங்க கஸ்டமர் கேருக்கு போன் பண்ணினா பேட்டரிய கழட்டி கையில எடுத்துட்டு போங்கன்றாங்க. அது கால் வைக்கிற பலகைக்குள்ள ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கு சார், உங்க வண்டி உங்களுக்கே தெரியலன்னா எப்படி, கழட்டினாலும் 360 அதே 360தான். சார்ஜ முழுசா எறக்கிட்டு காட்டுங்கன்னு இன்னொருத்தர் சொன்னாரு, ஏர்போர்ட்ல பாக்கறது பேட்டரியோட கொள்ளளவு, உள்ள எவ்ளோ சார்ஜ் மிச்சம் இருக்குன்னு இல்ல. பேட்டரி வீல்சேர் மட்டும் போகுதேன்னாரு. அது நடக்க முடியாதவங்களுக்கான தனி விதி, படிக்கிற புள்ளைங்க ஸ்கூட்டருக்கு பொருந்தாது. நேரமாயிடுச்சு, பொண்ணு கண்ணு கலங்கிட்டு தனியா உள்ள போனா, வண்டிய நான் திரும்ப எடுத்துட்டு வந்தேன்.

ஏர்லைன்ஸ் மேல எனக்கு கோவமே இல்ல. லித்தியம் பேட்டரியில ஒரு செல்லு சூடேறி பத்திக்கிச்சுன்னா அடுத்தடுத்த செல்லுக்கு தாவும், விமானத்து சரக்கு அறையில தீயணைக்க வெச்சிருக்கற ஹேலான் வாயு ஜுவாலைய அமுக்கும், ஆனா செல்லுக்குள்ள ஏறுற சூட்ட நிறுத்தாது. 2010 செப்டம்பர்ல துபாய்ல இருந்து கெளம்பின ஒரு சரக்கு விமானம் நடுவானத்துல தீப்பிடிச்சு விழுந்துச்சு, உள்ள இருந்த பைலட் ரெண்டு பேரும் செத்துட்டாங்க, அதுல லித்தியம் பேட்டரி நெறைய ஏத்தியிருந்தாங்க. கவுன்டர்ல யாரும் கவனிக்காம விட்டிருந்தா அந்த பேட்டரிக்கு மேல உக்காந்து போயிருக்கப் போறது என் பொண்ணு சார், அவகூட இன்னும் நூறு பேருக்கு மேல.

சரி கார்கோல அனுப்பலாம்னு ஏஜென்ட்கிட்ட போனா, இது 9ஆம் வகுப்பு ஆபத்தான சரக்கு, பேட்டரியோட யூஎன் 38.3 டெஸ்ட் சம்மரி, அதாவது லித்தியம் பேட்டரிக்கான பாதுகாப்பு சோதனையோட சுருக்க அறிக்கை, குடுங்கன்றாரு. 2020 ஜனவரி 1ல இருந்தே தயாரிக்கிறவங்களும் விக்கிறவங்களும் அத கேட்டா குடுத்தாகணும். உங்களுக்கு மெயில் போட்டேன், கம்ப்ளெயின்ட் நம்பர் மட்டும் வருது, பேப்பர் வரல. அந்த டெஸ்டே பண்ணலையோன்னு பயமா இருக்கு, வீட்ல ராத்திரி சார்ஜ் போடவும் மனசு வரல.

ஓசூர் வண்டி செய்யிற ஊரு, போச்சம்பள்ளி பக்கமே பெரிய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஃபேக்டரி இருக்கு, இங்க பேட்டரி பத்தி தெரிஞ்ச பசங்களுக்கு பஞ்சம் இல்ல. உங்க ஷோரூம் ஆளுங்களுக்கு ஒரு மணி நேரம் உக்கார வெச்சு சொல்லிக்குடுத்தா போதும், அதக்கூட செய்யாம விமானம் படத்த போட்டு விக்கிறீங்க.

வண்டிய எடுத்துக்கிட்டு முழு பணத்தையும் திருப்பி குடுங்க. நோட்டீஸ்ல இருக்கற விமானம் படத்த எடுங்க, வாட் அவர் எவ்ளோன்னு ஸ்டிக்கர்ல பெருசா போடுங்க, இதே மாடல் வாங்கின மத்தவங்களுக்கும் ஃப்ளைட்ல ஏத்தாதீங்கன்னு மெசேஜ் அனுப்புங்க, அது இன்னைக்கே பண்ண வேண்டிய வேல. டெஸ்ட் சம்மரி இருந்தா அனுப்புங்க, இல்லன்னா இல்லன்னு எழுதி குடுங்க. 15 நாள்ல பதில் வரலன்னா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போவேன். பில், நோட்டீஸ், பேட்டரி ஸ்டிக்கர் மூணுத்தோட போட்டோவும் இதுகூட வெச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர்,
கிருஷ்ணகிரி